கடைக் கணினியும் நீலத் திரையும்

சகோதரர்களே!

முன்னாளில் நம் கடைகளில் பேரேடு என்றால் தடித்த அட்டை போட்ட புத்தகம். மழையில் நனைந்தால் வெயிலில் உலர்த்திக்கொள்ளலாம். இன்றோ வரவு செலவு, கடன் பாக்கி, சரக்கிருப்பு யாவும் கணினிக்குள் போய்விட்டன. அது நின்றால் கடையும் நின்றுவிடுகிறது. ஆகவே, கணினி அடிக்கடி நீலத் திரை காட்டி நின்றுபோனால் செய்ய வேண்டியது யாது என்பதை, நாம் பட்ட பாட்டைக் கொண்டே இங்கே விளக்குகிறோம்.

சென்ற வருடம் நமது மளிகைக் கடையின் கணினி வாரத்திற்கு மூன்று நான்கு முறை திடீரென்று நின்றது. திரை முழுவதும் நீலம். சோக முகம் ஒன்று. சில ஆங்கில வரிகள். வாசிப்பதற்குள் அணைந்து, தானாகவே மறுபடி துவங்கும். கணக்கெழுதும் பையன் தன் கைப்பேசியைக் கணினியில் சொருகி மின்னேற்றுவது வழக்கம். அதுதான் காரணம் என்று முடிவு கட்டி, வாடிக்கையாளர் முன்னிலையிலேயே அவனைக் கடிந்துகொண்டோம். பழுது பார்ப்பவர் ஒருவர் வந்து விண்டோஸை அழித்துப் புதிதாகப் போட்டார். பத்து நாளில் நீலம் திரும்பியது. மறுபடியும் போட்டார், மறுபடியும் திரும்பியது. இரு முறையும் சேர்த்து 240 வெள்ளி போயிற்று.

நம் பிழை என்னவெனில், நோய் இன்னதென்று அறியாமலே மருந்து கொடுத்ததுதான்.

நீலத் திரை என்பது யாது?

நீலத் திரை நோயன்று, நோயின் அறிவிப்பு. விண்டோஸின் உள்மையத்தில், அதற்கு மேல் பத்திரமாக வேலை நடத்த முடியாத பிழை நேர்ந்தால், தகவல்கள் பாழாகாதிருக்க அது தன்னைத்தானே நிறுத்திக்கொள்கிறது. தராசு பிசகியிருப்பதைக் கண்ட நேர்மையான ஆள், நிறுப்பதை நிறுத்திவிட்டு முதலாளியைக் கூப்பிடுவதைப் போன்றது இது. 2025ஆம் ஆண்டில் விண்டோஸ் 11இல் மைக்ரோசாப்ட் இத்திரையைக் கறுப்பாக மாற்றியது. நிறம் மாறினாலும் பொருள் ஒன்றே.

இனி, செய்ய வேண்டியவற்றை வரிசையாகக் காண்போம்.

முதலாவது: கணக்கைக் காப்பாற்றுக. எந்தப் பழுதையும் தொடுவதற்கு முன் கணக்குக் கோப்புகளை வெளி வட்டு ஒன்றில் நகலெடுக்க வேண்டும். பழைய நகலின் மேல் புதியதை எழுதிவிடக் கூடாது. எடுத்த நகலை வேறொரு கணினியில் திறந்து பார்க்கவும் வேண்டும். திறக்காத நகல் நகலாகாது.

இரண்டாவது: குறிப்பேடு வைக்க. கணினியின் அட்வான்ஸ்டு சிஸ்டம் செட்டிங்ஸ் பகுதியில் ‘ஸ்டார்ட்அப் அண்ட் ரெக்கவரி’ என்னும் இடத்திற்குச் சென்று, தானாக மறுதொடக்கம் ஆவதை நிறுத்தி வைத்தால், திரை அப்படியே நிற்கும்; நிதானமாக வாசிக்கலாம். அதில் ‘ஸ்டாப் கோட்’ என்னும் குறியும், சில வேளை ஒரு கோப்பின் பெயரும் இருக்கும். தேதி, நேரம், குறி, அப்போது செய்த வேலை ஆகிய நான்கையும் எழுதி வைக்க வேண்டும். எழுதத் தவறியவர்கள் ‘ரிலையபிலிட்டி மானிட்டர்’ என்று தேடித் திறந்தால், எந்த நாளில் கணினி நின்றது என்பதை நாள்வாரியாகக் காணலாம்.

மூன்றாவது: குறிகளை ஒப்பிடுக. ஒரே குறியும் ஒரே கோப்பின் பெயரும் திரும்பத் திரும்ப வந்தால், பெரும்பாலும் ஏதோ ஒரு டிரைவர் மீது ஐயம் கொள்ளலாம். டிரைவர் என்பது அச்சு இயந்திரம், திரை அட்டை போன்ற கருவிகளுக்கும் விண்டோஸுக்கும் இடையே நிற்கும் மொழிபெயர்ப்பாளன். வேளைக்கொரு குறி வந்தாலோ, ராம் என்னும் நினைவகப் பலகையை முதலில் சோதிக்க வேண்டும். நமது குறிப்பேட்டில் இரண்டே வாரத்தில் மூன்று வெவ்வேறு குறிகள் ஏறின. அவற்றுள் ஒன்று ‘மெமரி மேனேஜ்மென்ட்’.

இன்னொன்றையும் அக்குறிப்பேடு காட்டிற்று. ஐந்து முறை நின்றதில் இரு முறை பையன் விடுமுறையில் இருந்தான். அவன் கைப்பேசி கடையிலேயே இல்லை!

நான்காவது: கடைசியாக மாறியது எது? புதிய கருவி, புதிய மென்பொருள், புதிய டிரைவர் எதையேனும் சேர்த்த பின் கோளாறு துவங்கியிருந்தால், அதை நீக்கிப் பார்க்க வேண்டும். 2024 ஜூலை 19 அன்று கிரவுட்ஸ்டிரைக் நிறுவனத்தின் பாதுகாப்பு மென்பொருளுக்கு வந்த பிழையான புதுப்பிப்பு ஒன்றினால், மைக்ரோசாப்ட் மதிப்பிட்டபடி சுமார் 85 லட்சம் கணினிகள் நின்றுபோயின. அக்கணினிகளின் உறுப்புகளில் பழுதில்லை. ‘சேஃப் மோட்’ முறையில் துவக்கினால் அவசியமான டிரைவர்கள் மட்டுமே இயங்கும். அதில் நிற்காமல் ஓடினால் டிரைவர் மீது ஐயம் வலுக்கும். அதிலும் நின்றால் உறுப்புகள் மீது ஐயம் வலுக்கும்.

ஐந்தாவது: நினைவகத்தைச் சோதிக்க. விண்டோஸிலேயே ‘மெமரி டயக்னாஸ்டிக்’ என்னும் சோதனை உண்டு. நமக்கு அது பிழையில்லை என்றே சொல்லிற்று. அதோடு விட்டுவிடாமல், ‘மெம்டெஸ்ட் 86’ என்னும் இலவசச் சோதனையை யு.எஸ்.பி. குச்சியில் ஏற்றி, கடையடைத்த பின் இரவு முழுதும் நான்கு சுற்று ஓடவிட்டோம். காலையில் பார்த்தால் பிழை வரிகள்! இச்சோதனையில் ஒரு பிழையும் இருக்கலாகாது.

நமது கணினியில் இரண்டு பலகைகள். மின்கம்பியைக் கழற்றி, இரும்புச் சட்டத்தைத் தொட்டு உடலின் மின்னூட்டத்தை நீக்கிய பின், ஒவ்வொன்றையும் தனித்தனியே ஒரே துளையில் சொருகிச் சோதித்தோம். ஒன்று தேறியது; மற்றொன்று தவறியது. தேறியதை அடுத்த துளையிலும் வைத்துப் பார்த்தோம், அங்கும் தேறியது. ஆகவே துளையில் குற்றமில்லை, பலகையில்தான் என்பது உறுதியாயிற்று. நினைவகத்தை வேகப்படுத்தும் ‘எக்ஸ்.எம்.பி.’ அமைப்பு போட்டிருப்பவர்கள், பலகையைக் குறை சொல்லுமுன் அதை நீக்கி ஒரு முறை சோதிப்பது நலம்.

ஆறாவது: மற்றவை. நினைவகம் தேறினால் மட்டுமே வட்டைச் சோதிப்பதும், விண்டோஸ் கோப்புகளைச் செப்பனிடுவதும், புதிதாகப் போடுவதும். இவ்வரிசையை மாற்றலாகாது. நினைவகம் பழுதாயிருக்கும்போது எதை எழுதினாலும் அது அப்பழுதின் வழியாகவே வட்டிற்குப் போகிறது; புதிதாகப் போட்ட விண்டோஸும் பிழைபட்டுப் போகலாம். வெப்பத்தைப் பற்றியும் ஒரு வார்த்தை: வெப்பம் எல்லை மீறினால் பெரும்பாலும் நீலத் திரை காட்டாமலே கணினி அணைந்துவிடும். மாவும் மசாலாத் தூளும் பறக்கும் நம் கடைகளில் விசிறியைத் துடைத்து வைப்பது எப்படியும் நல்லது.

புதிய பலகை போட்டபின் ஐந்து மாதமாக நீலம் தலைகாட்டவில்லை. ஆயினும் நட்டம் இல்லாமல் போகவில்லை. கடன் பாக்கிக் கோப்பு ஒன்று திறக்க மறுத்தது. நம்மிடம் அதற்கு நகலும் இல்லை. கையெழுத்துச் சீட்டுகளைப் பரப்பி வைத்துக்கொண்டு மூன்று இரவு உட்கார்ந்து அதை மறுபடி எழுதினோம். வாடிக்கையாளர் நம்மை நம்பி விட்ட கணக்கல்லவா? ஒரு காசு கூடினாலும் குறைந்தாலும் பேர் கெட்டுவிடும்.

அம்மூன்று இரவும் சீட்டுகளை வாசித்துக் கொடுத்தவன் அந்தப் பையனே. கடிந்துகொண்டது பலர் முன்னிலையில்; ஆகவே, தவறு நம்முடையது என்பதையும் பலர் முன்னிலையிலேயே அவனிடம் சொன்னோம்.

சகோதரர்களே! கணினி நின்றால் முதலில் ஆளைத் தேடாதீர்கள், குறிப்பேட்டைத் தேடுங்கள். இன்றிரவு கடையடைக்குமுன் கணக்கை ஒரு நகல் எடுத்து வையுங்கள்.