தவ்கே மருந்தாகுமா?

ஈப்போ என்றதும் கொழுத்த தவ்கே நம் நினைவுக்கு வரும். பாசிப்பயற்றின் இந்த முளையில் மருத்துவக் குணம் உண்டா? ஆய்வுக்கூடத்தில் இதைச் சோதிக்கும் முறையைப் பார்ப்போம்.

முளையை உலர்த்தி அரைத்து, எத்தனாலில் ஊறவைத்து வடிகட்டுகிறோம். அச்சாற்றை டிபிபிஎச் எனும் ஊதாக் கரைசலில் கலந்து 30 நிமிடம் இருட்டில் வைக்கிறோம். ஊதா மங்கி மஞ்சளானால் ஆக்சிஜனேற்றத் தடுப்பாற்றல் உண்டு. அதன் அளவை 517 நானோமீட்டர் ஒளியில் கணித்து வைட்டமின் சியுடன் ஒப்பிடுகிறோம்.

1997-இல் அமெரிக்காவின் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் பல்கலைக்கழகத்துப் பால் தலாலே குழுவினர், மூன்று நாள் புரோக்கோலி முளையில் சல்ஃபோராபேனின் மூலப்பொருள் முதிர்ந்த செடியைவிட 10 முதல் 100 மடங்கு வரை இருப்பதைக் கண்டறிந்தனர். உடலின் நச்சுநீக்க நொதிகளைத் தூண்டுவது சல்ஃபோராபேன்.

தோட்டத்தில் பால்மரம் வெட்டிய என் பாட்டி கேட்டார்: “ஏம்மா, தவ்கே சாப்பிட்டா இனிப்புநீர் மாத்திரைய நிறுத்திடலாமா?”

“கூடவே கூடாது பாட்டி” என்றேன். நிறமாற்றம் முதல் படி மட்டுமே. உயிரணு, விலங்கு, மனிதர் எனப் படிப்படியாகப் பலனும் பாதுகாப்பும் நிரூபிக்கப்பட்ட பின்னரே அது மருந்து. அதுவரை தவ்கே தட்டில் இருக்கட்டும், மாத்திரையும் தவறாதிருக்கட்டும். இந்த வேறுபாட்டை நம் வீட்டு முதியோருக்குத் தமிழில் விளக்குவது, படித்த நம் கடமையன்றோ?