சான்றிதழும் கடல் கடக்க வேண்டும்



சில ஆண்டுகளுக்கு முன் ஒரு காலையில் முன்னாள் மாணவி ஒருவர் நம் பள்ளி அலுவலகத்திற்கு வந்தார். செவிலியர் பட்டம் பெற்றுக் கோவையில் ஐந்தாண்டுகள் பணி செய்தவர். ஜெர்மனியில் வேலைக்கு அழைப்பு வந்திருந்தது. பத்தாம் வகுப்புச் சான்றிதழில் தந்தையின் முன்னெழுத்துடன் வீட்டுப் பெயர். பட்டச் சான்றிதழில் ஞானஸ்நானப் பெயர். பாஸ்போர்ட்டில் கணவரின் பெயர். மூன்று தாள்களிலும் மூன்று பெண்கள்! நம் சேர்க்கைப் பதிவேட்டைத் தூசி தட்டி எடுத்துப் பார்த்தோம். அதில் இருந்ததும் வீட்டுப் பெயரே. அவர் கண் கலங்கியதைக் கண்டபின், இதைப் பற்றி நம் ஆண்டு மலரில் எழுதத் துணிந்தோம்.

படித்த படிப்பை அயல்நாட்டார் ஏற்பது என்றால் என்ன? இதில் மூன்று கேள்விகள் அடங்கியுள்ளன. இந்தத் தாள் உண்மையானதா? இந்தப் படிப்பு எங்கள் நாட்டின் எந்தப் படிப்புக்கு ஈடு? இவர் இங்கே அத்தொழிலைச் செய்யலாமா? மூன்றுக்கும் விடை சொல்வோர் வெவ்வேறு அதிகாரிகள். முதற் கேள்விக்கு விடை கிடைத்ததுமே எல்லாம் முடிந்தது என்று மகிழ்ந்து, பிறகு ஏமாறுவோர் பலர்.

முதற் கேள்விக்கு 1961ஆம் ஆண்டு அக்டோபர் 5ஆம் நாள் ஹேக் நகரில் ஓர் உடன்படிக்கை உண்டாயிற்று. அதன்படி ஒரு நாட்டின் அரசு ஒட்டும் சான்றை மற்ற உறுப்பு நாடுகள் பொதுவாக ஏற்கும். அதற்கு 'அப்போஸ்டில்' என்று பெயர். (அப்போஸ்தலருக்கும் இதற்கும் உறவில்லை! பிரெஞ்சு மொழியில் ஓரத்தில் எழுதும் குறிப்பு என்று பொருள்.) நம் நாட்டில் இது 2005 ஜூலை 14 முதல் நடைமுறையில் உள்ளது. கல்விச் சான்றிதழை முதலில் மாநில அரசு சரிபார்க்க வேண்டும்; பிறகே மத்திய வெளியுறவு அமைச்சகம் முத்திரையிடும். சவூதி அரேபியா 2022இலும் கனடா 2024இலும் இந்த முறைக்குள் வந்தன. சேராத நாடு என்றால் அந்நாட்டுத் தூதரகத்தின் முத்திரையும் வேண்டும். அமைச்சகம் பெறும் கட்டணம் சிறிதே. இடையில் நிற்கும் தரகர் கேட்பதுதான் ஆயிரக்கணக்கில்! பெற்றோர் இதை மனத்திற் கொள்க.

ஆனால் இந்த முத்திரை கையொப்பமும் முத்திரையும் மெய் என்று மட்டுமே சொல்லும். படிப்பின் தரத்தைப் பற்றி ஒரு சொல்லும் சொல்லாது. தரத்தை அளக்கும் அமைப்புகள் வேறு. அவற்றுட் பல, மதிப்பெண் விவரங்களை நம் கையால் வாங்குவதில்லை; பல்கலைக்கழகமே நேராக அனுப்ப வேண்டும் என்கின்றன. இங்கே நம் பகுதிக்கு ஒரு தனிச் சிக்கல் உண்டு. பாரதியார் பல்கலைக்கழகம் 1982இல் தோன்றியது. அதற்கு முன் கோவைக் கல்லூரிகளில் படித்தோர்க்குப் பட்டம் தந்தது சென்னைப் பல்கலைக்கழகம். அண்ணா பல்கலைக்கழகமோ பிரிக்கப்பட்டு, கோவையில் தனியாகச் சில ஆண்டுகள் இயங்கி, 2012இல் மீண்டும் ஒன்றாயிற்று. நம் அவிநாசியே 2009 வரை கோவை மாவட்டம். இப்போது திருப்பூர் மாவட்டம். அயல்நாட்டு எழுத்தர் ஒருவருக்கு இதையெல்லாம் யார் விளக்குவது?

இந்தியாவும் பிரிட்டனும் 2022 ஜூலையில் பட்டங்களைப் பரஸ்பரம் ஏற்க உடன்பாடு செய்துகொண்டன. நல்ல செய்திதான். எனினும் மருத்துவம், செவிலியம், பொறியியல், சட்டம் போன்ற தொழிற்படிப்புகள் அதில் சேரவில்லை. அவற்றுக்கு மூன்றாம் கேள்வியின் வாயில் தனியே உள்ளது. பிரிட்டனில் செவிலியராகப் பதிவு பெற, கணினித் தேர்வோடு செய்முறைத் தேர்வும் எழுத்துச் சோதனை அளவுக்கே கண்டிப்பாக நடக்கும். ஜெர்மனியில் அந்தந்த மாநில அதிகாரிகள் நம் பாடத்திட்டத்தை மணிக்கணக்கு முதற்கொண்டு ஒப்பிடுவர். குறை கண்டால் அங்கே ஓர் அறிவுத் தேர்வு எழுதலாம். அல்லது மருத்துவமனையில் பயிற்சி பெற்று அக்குறையை நிரப்பலாம். ஜெர்மன் மொழியும் வேண்டும். பெரும்பாலும் பி-2 நிலை.

1960களில் கேரளத்திலிருந்து கத்தோலிக்க இளம்பெண்கள் பலர், குருக்களின் உதவியோடு மேற்கு ஜெர்மனிக்குச் சென்று அங்கேயே செவிலியப் பயிற்சி பெற்றனர். பிற்பாடு ஆள் தேவை குறைந்தபோது, 1970களின் இறுதியில், அவர்களுட் பலருக்குத் தங்கும் அனுமதி நீட்டிக்கப்படவில்லை. அந்நாட்டிலேயே படித்த படிப்பும் அவர்களுக்கு அரணாகவில்லை.

வளைகுடா செல்ல விரும்பும் செவிலியர்க்கு இன்னொரு செய்தி. குடியேற்ற அனுமதி தேவைப்படும் நாடுகளுக்கு 2015 முதல் அரசு ஏற்ற முகமைகள் வழியாகவே செல்ல வேண்டும். நம் மாநிலத்தில் அது 1978இல் தொடங்கிய தமிழ்நாடு அயல்நாட்டு வேலைவாய்ப்பு நிறுவனம். வீட்டு வாசலுக்கு வந்து இனிக்க இனிக்கப் பேசுவோரிடம் அசல் சான்றிதழைக் கொடுத்துவிட வேண்டாம்.

சரி, அந்த முன்னாள் மாணவி என்ன ஆனார்? அரசிதழில் பெயர் மாற்றம் வெளியிட்டு, ஒவ்வொரு தாளாகச் சரி செய்ய ஓராண்டுக்கு மேல் ஆயிற்று. அழைத்த மருத்துவமனை அதற்குள் வேறொருவரை எடுத்துக்கொண்டது. அவர் மனம் தளரவில்லை. இரவுப் பணி முடிந்து வந்து ஜெர்மன் படித்தார். இப்போது வேறோர் ஊரிலிருந்து அழைப்பு வந்திருக்கிறது. "இந்த முறை எல்லாத் தாளிலும் நான் ஒரே ஆள்தான், சிஸ்டர்" என்று சிரித்துக்கொண்டே சொல்லிப் போனார்.

பத்தாம் வகுப்பு மாணவியரே, பொதுத்தேர்வுக்கான பெயர்ப் பட்டியல் உங்கள் கையெழுத்துக்கு வரும். அன்று பெயர், முன்னெழுத்து, பிறந்த தேதி மூன்றையும் பிறப்புச் சான்றிதழோடு எழுத்தெழுத்தாக ஒப்பிட்டுப் பாருங்கள். அம்மாவையும் உடன் அழைத்து வாருங்கள்.