சிறுகச் சிறுக நிறை குறைப்போம்



மண்கும்பானின் மணலை அறியாத தீவகத்தார் இல்லை. அது ஒரே நாளில் வந்து குவிந்ததன்று. காற்று கொஞ்சங் கொஞ்சமாகக் கொண்டுவந்து சேர்த்தது. நமது உடலில் ஏறும் நிறையும் அப்படியே. பத்து ஆண்டுகளாக ஏறியதைப் பத்து நாட் பட்டினியால் இறக்கிவிட முடியுமா? முடியாது. எது முடியும் என்பதை இன்று படிப்போம்.

நிறை ஏறுவது ஏன்?

முன்னர் நம்மவர் துலாவில் நீர் இறைத்தார்கள், உலக்கையால் மா இடித்தார்கள், சந்தைக்கு நடந்தார்கள். அந்த வேலைக்கு அவ்வளவு சோறு வேண்டியிருந்தது. இன்று நீர் இறைக்க இயந்திரமும், மா அரைக்க ஆலையும், சந்திக்குப் போக மோட்டார் சைக்கிளும் உண்டு. வேலை குறைந்தது, சோறு குறையவில்லை. போதாததற்குப் பாண், றோல்ஸ், போத்தற் பானம் என்பனவும் சேர்ந்துகொண்டன. மிஞ்சுவது கொழுப்பாகி வயிற்றிலே தங்குகிறது.

ஆசிய மக்களுக்கு உடற்திணிவுச் சுட்டி 23ஐ எட்டும்போதே கவனம் தேவை என உலக சுகாதார நிறுவனத்தின் நிபுணர் குழு 2004ஆம் ஆண்டில் எடுத்துரைத்தது. 160 சென்ரிமீற்றர் உயரமுள்ள ஒருவருக்கு இது ஏறக்குறைய 59 கிலோ ஆகும். தராசு இல்லாவிடில் தையல் நாடா போதும். வயிற்றுச் சுற்றளவு ஆணுக்கு 90 சென்ரிமீற்றரையும், பெண்ணுக்கு 80 சென்ரிமீற்றரையும் தாண்டக்கூடாது. தாண்டினால் சலரோகம், இரத்த அழுத்தம், இருதய நோய் ஆகியவை வர வாய்ப்பு அதிகம். உழைப்பவர் ஒருவர் படுத்துவிட்டால் வீடு முழுவதும் படும் பாட்டை நாம் அறிவோம்.

பட்டினி உதவாது

ஒருவேளை உணவை விட்டால் அடுத்த வேளை பசி இரட்டிப்பாகிறது. கடும் பட்டினியில் கொழுப்போடு தசையும் கரைகிறது. பட்டினி முடிந்ததும் பழைய பழக்கம் திரும்புகிறது, நிறையும் திரும்புகிறது. ஆகவே மாற வேண்டியது பழக்கமே. அதையும் ஒரு நேரத்தில் ஒன்றாக மாற்ற வேண்டும்.

முதலாவது, தேநீர். மூன்று கரண்டி சீனியோடு நாளுக்கு ஐந்து முறை குடிப்பவர் பதினைந்து தேக்கரண்டி, அதாவது ஏறக்குறைய 75 கிராம் சீனி உட்கொள்கிறார். நாளுக்கு 2000 கலோரி உண்பவருக்குச் சீனி 50 கிராமைத் தாண்டலாகாது, 25 கிராமுக்குள் நிற்பது இன்னும் நல்லது என்பதே உலக சுகாதார நிறுவனத்தின் 2015ஆம் ஆண்டு அறிவுரையின் கணக்கு. மூன்று கரண்டியை இரண்டரையாக்குங்கள். இரண்டு கிழமை சென்றபின் இரண்டாக்குங்கள். நாக்கு மெல்லப் பழகிவிடும். பனங்கட்டியும் சீனியின் இனமே. அதையும் கணக்கிற் சேருங்கள்.

இரண்டாவது, சாப்பாட்டுக் கோப்பை. முதலில் மரக்கறியைப் போடுங்கள். கீரை, வறை, சம்பல் அரைவாசி. மீன் அல்லது பருப்பு காற்பங்கு. சோறோ புட்டோ காற்பங்கு. இதை ஒரே நாளிற் செய்ய வேண்டாம். இந்தக் கிழமை ஒரு அகப்பைச் சோறு குறையட்டும். அந்த இடத்தில் முருங்கையிலை வறை வரட்டும். குரக்கன் புட்டும் சிவப்பரிசிச் சோறும் நல்லவையே, நார்ச்சத்து உண்டு. ஆனால் அவற்றின் கலோரி வெள்ளைச் சோற்றினதைவிட அதிகம் குறைந்ததன்று. ஆகவே அளவு அவற்றுக்கும் வேண்டும்.

மூன்றாவது, எண்ணெய். ஒரு மேசைக்கரண்டி எண்ணெயில் ஏறக்குறைய 120 கலோரி உண்டு. நாள்தோறும் மீன் பொரிக்கும் வீட்டில் கிழமையில் நான்கு நாள் சொதியோ குழம்போ வைக்கலாம். கடல் தந்த மீனின் நன்மை குறையாது.

நான்காவது, மிச்சம். பிள்ளைகள் விட்டதை எறிய மனமின்றி அம்மா சாப்பிட்டு முடிக்கிறார். எறிய வேண்டாம், முதலிலேயே குறைவாகப் பரிமாறி, கேட்டால் மீண்டும் போடுங்கள்.

நோயாளிக்கென்று தனிச் சமையல் நெடுநாள் நிலைக்காது. வீட்டார் அனைவரும் ஒரே சமையலை உண்டால் ஒருவரும் தனித்துப்போவதில்லை.

மனந்தளர வேண்டாம்

எண்பது கிலோ உள்ளவர் நாலைந்து மாதங்களில் நான்கு கிலோ குறைத்தாலே உடலுக்குப் பெரும் நன்மை. தராசு அசையாவிட்டாலும் முயற்சி வீணன்று. சலரோகத்தின் வாசலில் நின்ற 531 பேரை வைத்தியர் இராமச்சந்திரன் குழுவினர் இந்தியாவில் ஆராய்ந்து, 2006இல் முடிவை வெளியிட்டார்கள். உணவையும் நடையையும் சீராக்கியோரில் நோய் வரும் அபாயம் 28.5 வீதம் குறைந்தது. வியப்பென்னவெனில், அவர்களது நிறை பெரிதாகக் குறையவில்லை!

எச்சரிக்கையும் உண்டு. இன்சுலின் அல்லது சலரோக மாத்திரை பாவிப்பவர்கள் வைத்தியரைக் கேளாமல் உணவைக் குறைத்தால் இரத்தத்தில் சீனி ஆபத்தாக இறங்கலாம். கர்ப்பிணிகளுக்கும் வளரும் பிள்ளைகளுக்கும் இக்குறைப்பு உரியதன்று. முயலாமலே நிறை இறங்கினால் உடனே வைத்தியரை நாடுங்கள்.

இந்தக் கிழமைக்குரிய பயிற்சி

1. வீட்டார் எல்லோரினதும் வயிற்றுச் சுற்றளவை அளந்து எழுதி வையுங்கள்.

2. மேற்சொன்ன நான்கில் ஒன்றை மாத்திரம் தெரிந்தெடுங்கள்.

3. இரவுச் சாப்பாட்டின்பின் ஒழுங்கையால் பதினைந்து நிமிடம் குடும்பமாக நடவுங்கள்.

ஒரு மாதம் கழித்து மறுபடி அளவுங்கள். முதற் பழக்கம் உறுதிப்பட்டபின் இரண்டாவதைத் தொடங்குங்கள். அவசரம் வேண்டாம், ஆனால் தொடங்குவதை நாளைக்கென்று தள்ளவும் வேண்டாம்.