கூண்டை இறுக்கி மூடாதீர்கள், அம்மிணி

அன்புள்ள அம்மிணிக்கு,

உங்கள் கடிதம் கிடைத்தது. லைன் வீட்டுச் சந்தில் வளர்க்கிற நாட்டுக்கோழிகளில் நான்கைந்து, இந்த மார்கழிப் பனி தொடங்கியதிலிருந்து ராத்திரியில் கொர்கொர் என்று இழுக்கின்றன, ஒரு சிறுவிடைக் கோழிக்கு முகம் வீங்கிவிட்டது என்று எழுதியிருக்கிறீர்கள். காலையில் எட்டரைக்குக் கம்பெனிக்குப் போய் ஒன்றரை ஷிப்டு முடித்துத் திரும்புகிறவருக்குக் கோழியின் நிலைமை இருட்டின பிறகுதான் தெரிகிறது. அது நல்லதுதான். கோழிக்குச் சளி பிடித்திருக்கிறதா என்று அறிய ராத்திரியே சரியான நேரம். எல்லாம் அடைந்து அடங்கிய பிறகு விளக்குப் போடாமல் கூண்டுக்குப் பக்கத்தில் நின்று கேட்டால் எது இழுக்கிறது, எது தும்முகிறது என்று பிரித்துச் சொல்லிவிடலாம். பகல் சத்தத்தில் அது கேட்காது.

"குளிருக்கு என்ன மாத்திரை கொடுக்கலாம்?" என்று கேட்டிருக்கிறீர்கள். மாத்திரைக்கு முன்னால் குளிரைப் பற்றிச் சொல்கிறேன். கோழியின் உடம்புச் சூடு 41 டிகிரிக்கு மேல். இறகை உப்பி, தலையை இறக்கைக்குள் செருகிக்கொண்டால் அது இமயமலை அடிவாரத்துக் குளிரையே தாங்கும். நம் திருப்பூரில் மார்கழி, தை ராத்திரி 20 டிகிரிக்குச் சற்றுக் கீழே இறங்கும், அவ்வளவுதான். நன்றாக இறகு முளைத்த கோழியை அந்தக் குளிர் ஒன்றும் செய்யாது. குளிருக்குப் பயந்து நாம் செய்கிற காரியங்கள்தான் கெடுதல் செய்கின்றன.

கூண்டைச் சுற்றி ஃப்ளெக்ஸ் பேனர் கட்டி, இடுக்குகளில் பனியன் கட்டிங் வேஸ்டைத் திணித்து, உள்ளேயும் அதையே மெத்தையாகப் போட்டிருப்பதாக எழுதியிருக்கிறீர்கள். இந்த ஊரில் எல்லாரும் செய்வதுதான். கம்பெனியில் மலிவாகக் கிடைக்கிறது, தொட்டால் கதகதப்பாக இருக்கிறது. ஆனால் காற்றுப் போக வழியில்லாத கூண்டில் ராத்திரி முழுக்கக் கோழிகள் விடுகிற மூச்சின் ஈரமும் எச்சத்தின் ஈரமும் உள்ளேயே நிற்கின்றன. ஈரமான எச்சத்திலிருந்து அம்மோனியா கிளம்புகிறது. காற்றில் பத்து லட்சத்தில் 25 பங்கைத் தாண்டினாலே அது கோழியின் மூச்சுக்குழாய்க்கு ஆகாது. அந்தக் குழாயின் உள்தோலில், தூசியையும் கிருமியையும் மேலே தள்ளி வெளியேற்றுகிற நுண்ணிய ரோமங்கள் இருக்கின்றன. அம்மோனியா அவற்றைச் செயலிழக்க வைக்கிறது. அதற்குப் பிறகு எந்தக் கிருமி வந்தாலும் தடுக்க ஆளில்லை.

கோழிக்கு நமக்கிருப்பதுபோல் மார்பையும் வயிற்றையும் பிரிக்கிற உதரவிதானம் கிடையாது. நுரையீரலும் நம்முடையதைப் போல விரிந்து சுருங்காது. உடம்புக்குள் 9 காற்றுப்பைகள் இருக்கின்றன, அவைதாம் துருத்தி மாதிரி காற்றை இழுத்துத் தள்ளுகின்றன. நாம் இருமிக் காறித் துப்பிவிடுகிற சளியைக் கோழியால் அப்படித் துப்ப முடியாது. பைக்குள் இறங்கின சளி அங்கேயே கெட்டியாகித் தங்கிவிடும். அதனால்தான் மூக்கொழுகும்போதே பார்க்க வேண்டும் என்று சொல்கிறேன்.

ஒரு சோதனை செய்து பாருங்கள். விடிகாலையில் கூண்டைத் திறந்தவுடன், குந்தி உட்கார்ந்து கோழி அடைகிற உயரத்தில் உங்கள் மூக்கை வைத்து மூச்சை இழுங்கள். நெடி மூக்கில் ஏறினாலோ கண் கரித்தாலோ கூண்டுதான் முதல் நோயாளி. கோழிகளின் தலைக்கு மேலே, கூரையை ஒட்டி, இரண்டு பக்கமும் ஒரு சாண் திறந்திருக்கட்டும். அடைகிற உயரத்தில் மட்டும் வாடைக்காற்று நேராக அடிக்காமல் மறைப்பு இருந்தால் போதும். கட்டிங் வேஸ்டை அள்ளி வெளியே போட்டுவிடுங்கள். அது ஈரத்தை உறிஞ்சிப் பிடித்து வைத்துக்கொள்ளும், உலராது, பூசணம் பூக்கும். பூசணத் தூள் நுரையீரலில் இறங்கினால் குணப்படுத்துவது மிகக் கடினம். நூல் பிரிந்து விரலில் சுற்றிக்கொள்ளும், விழுங்கினால் இரைப்பையில் அடைத்துக்கொள்ளும். காய்ந்த கடலைத்தோலோ தேங்காய் நார்க்கழிவோ மரத்தூளோ போட்டு, ஈரமான இடத்தை மட்டும் அவ்வப்போது மாற்றிக்கொண்டிருங்கள். குஞ்சுகளுக்கு நிச்சயம் சூடு வேண்டும், முதல் வாரம் 35 டிகிரி வரை. அதற்குப் பல்பு போடுவீர்கள். பல்புக்குப் பக்கத்தில் பனியன் துணியும் பஞ்சும் இருக்கவே கூடாது. ஒரு பொறி பட்டால் என்ன ஆகும் என்று பனியன் கம்பெனியில் வேலை செய்கிற உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை.

கோழிக்கு என்ன தண்ணீர் வைக்கிறீர்கள் என்று நீங்கள் எழுதவில்லை. சாயப்பட்டறைக் கழிவு நொய்யல் ஆற்றிலும் நிலத்தடி நீரிலும் எத்தனை வருடமாக இறங்கியது என்று நமக்குத் தெரியும். 2011ல் சென்னை உயர் நீதிமன்றம் பட்டறைகளை மூடச் சொன்ன பிறகுதான் கழிவுநீரை வெளியே விடாத முறை கண்டிப்பாக நடைமுறைக்கு வந்தது. இறங்கின உப்பு பல இடங்களில் போர்த் தண்ணீரில் இன்னும் இருக்கிறது. உப்புத் தண்ணீர் குடிக்கிற கோழி கூடுதலாகக் குடிக்கும், எச்சம் இளகிப் போகும், கூண்டு நனையும், மறுபடி அம்மோனியா. குழாயில் குடிதண்ணீர் வருகிற நாளில் பிடித்து வைப்பதில் ஒரு குடம் கோழிக்கும் ஒதுக்குங்கள்.

இனி நோய்க்கு வருகிறேன். இழுப்பு என்று நாம் ஒரே பேரில் சொல்வதற்குள் குறைந்தது மூன்று நோய்கள் இருக்கின்றன. மெதுவாக வந்து, ராத்திரியில் கொர்கொர் என்று கேட்டு, கண் ஓரத்தில் நுரை கட்டி, தீனி எடுத்தும் உடம்பு வற்றிக்கொண்டே போனால் மைக்கோபிளாஸ்மா என்ற கிருமியால் வருகிற நாள்பட்ட சளி நோயாக இருக்கலாம். தாயிடமிருந்து முட்டை வழியாகக் குஞ்சுக்கும் அது போகும். குணமான கோழியும் உள்ளே கிருமியை வைத்துக்கொண்டுதான் இருக்கும். இரண்டு மூன்று நாளில் கூட்டம் முழுக்கப் பரவி, ஒரு பக்கமோ இரண்டு பக்கமோ முகம் வீங்கி, மூக்கிலிருந்து வடிவது கெட்ட நாற்றம் அடித்தால் அது கொரைசா. உங்கள் சிறுவிடைக்கு வந்திருப்பது இதுதான் என்று சந்தேகிக்கிறேன். நேரில் பார்க்காமல் உறுதியாகச் சொல்ல முடியாது. மூன்றாவது வெள்ளைக்கழிச்சல். வாயைப் பிளந்து மூச்சு வாங்குதல், பச்சையும் வெள்ளையுமாகக் கழிச்சல், பிறகு கழுத்து திருகிக்கொள்ளுதல், கால் இறக்கை விழுந்துபோதல், அடுத்தடுத்துச் சாவு. இதற்கு உலகத்தில் எங்கும் மருந்து கிடையாது.

முதல் இரண்டுக்கும் மருந்து உண்டு. ஆனால் மெடிக்கல் ஷாப்பில் வாங்குகிற மனிதர் மாத்திரை அல்ல. அமாக்சிசிலின் கொடுத்ததாக எழுதியிருக்கிறீர்கள். அந்த வகை மருந்து கிருமியின் செல் சுவரைக் குலைத்துத்தான் வேலை செய்யும். மைக்கோபிளாஸ்மாவுக்கு அந்தச் சுவரே இல்லை. எத்தனை நாள் கொடுத்தாலும் அது அசையாது. டைலோசின், டெட்ராசைக்ளின் வகை மருந்துகள் வேலை செய்யும். எது, எவ்வளவு, எத்தனை நாள் என்பதைக் கால்நடை மருத்துவர் சொல்லட்டும். தண்ணீரில் கலந்து வைப்பதிலும் ஒரு சிக்கல்: குளிர்காலத்தில் கோழி குறைவாகத்தான் குடிக்கும், நோயாளிக் கோழி அதிலும் குறைவு. நன்றாக இருக்கிற கோழி மருந்தைக் குடித்துவிடும், இழுக்கிற கோழிக்குப் போய்ச் சேராது. அதனால் நோயுற்றதைத் தனியாகக் கொடாப்பில் மூடி வைத்து, அதற்கென்று தனியாகக் கொடுங்கள். இரண்டாம் நாள் தெளிந்துவிட்டது என்று நிறுத்தாதீர்கள். மருந்து ஓடுகிற நாளிலும் மருத்துவர் சொல்கிற கெடு முடிகிற வரையிலும் முட்டையைச் சாப்பிடவோ விற்கவோ கூடாது, கோழியை அறுக்கவும் கூடாது. கொலிஸ்டின் என்ற மருந்தைக் கோழிக்கும் மாட்டுக்கும் கொடுப்பதை மத்திய அரசு 2019லேயே தடை செய்துவிட்டது. மனிதர்களுக்குக் கடைசிக் கட்டத்தில் கைகொடுக்கிற மருந்து அது. பழைய டப்பா எதையாவது யாராவது நீட்டினால் வாங்காதீர்கள்.

நாட்டு வைத்தியத்தை நான் மறுக்கவில்லை. துளசி, தூதுவளை, கற்பூரவல்லி, மிளகு, சீரகம், மஞ்சள் அரைத்துக் கொடுப்பது தொண்டைக்கு இதம். கால்நடைகளுக்கான மூலிகை மருத்துவத்தைப் பேராசிரியர் புண்ணியமூர்த்தி போன்றவர்கள் முறைப்படுத்திப் பரப்பியிருக்கிறார்கள். ஆனால் தயவுசெய்து சாற்றை வாயைப் பிளந்து ஊற்றாதீர்கள். கோழியின் மூச்சுக்குழாய் வாசல் நாக்கின் அடிப்பகுதியிலேயே திறந்திருக்கிறது. ஊற்றுகிற சாறு நேராக நுரையீரலுக்குப் போய், இழுப்பில் சாகாத கோழி சாற்றில் செத்துவிடும். அரைத்ததைச் சின்ன உருண்டையாக்கி நாக்கின் பின்பக்கம் வையுங்கள், அல்லது தவிட்டில் பிசைந்து போடுங்கள். சாம்பிராணிப் புகையும் வேப்பிலைப் புகையும் வேண்டாம். மூச்சுக்குத் திணறுகிற உயிருக்குப் புகை எதற்கு? வெதுவெதுப்பான உப்புத் தண்ணீரில் சுத்தமான துணியை நனைத்து மூக்கையும் கண்ணையும் துடைத்துவிடுங்கள், அதுவே பெரிய உதவி. கையைச் சோப்புப் போட்டுக் கழுவிவிட்டு மற்றக் கோழிகளிடம் போங்கள். மிச்சச் சோறு மட்டுமே தின்கிற கோழிக்கு வைட்டமின் ஏ குறைந்து மூச்சுக்குழாயின் உள்தோல் பலவீனமாகும். லைன் வீட்டு வாசலில் ஒரு முருங்கை நிற்காமல் இராது. தினமும் ஒரு கொத்து ஒடித்துக் கட்டித் தொங்கவிடுங்கள்.

வெள்ளைக்கழிச்சலைப் பற்றிக் கொஞ்சம் அதிகமாகவே சொல்ல வேண்டும். 1926ல் ஜாவாவிலும் இங்கிலாந்தின் நியூகாசிலிலும் கண்டறியப்பட்ட நோய் இது. அடுத்த வருடமே இங்கே குமாவோன் மலையிலுள்ள ராணிகேத்தில் தென்பட்டது, அந்த ஊர்ப் பேராலேயே நம் மருத்துவர்கள் இதை அழைக்கிறார்கள். இதற்கான தடுப்பூசியை 1932ல் தொடங்கிய ராணிப்பேட்டைக் கால்நடை நோய்த்தடுப்பு மருந்து நிலையம் தயாரித்துத் தருகிறது. பிப்ரவரியின் முதல் இரண்டு வாரங்களில் கால்நடை பராமரிப்புத் துறை ஊர் ஊராக இலவச முகாம் நடத்துகிறது. தடுப்பூசியும் உண்டு, முகாமும் உண்டு, ஆனாலும் லைன் வீட்டுக் கோழிகள் செத்துக்கொண்டுதான் இருக்கின்றன. காரணம் எளிது: முகாம் நடப்பது பகலில். அப்போது நீங்கள் செக்கிங் மேசையில் நிற்கிறீர்கள், கோழி தெருவில் மேய்கிறது. இதை நான் உங்கள் குறை என்று சொல்ல மாட்டேன். உழைக்கிறவர்களின் நேரத்தைக் கணக்கில் எடுத்துக்கொண்டு, ஞாயிற்றுக்கிழமை விடிகாலையிலோ இருட்டின பிறகோ முகாம் போட வேண்டும் என்று துறையைக் கேட்க நமக்கு உரிமை உண்டு, கேட்கவும் வேண்டும்.

அதுவரைக்கும் ஒரு வழி. ஒரு குப்பித் தடுப்பு மருந்து பெரும்பாலும் நூறு கோழிக்கு மேல் வரும். கரைத்த இரண்டு மணி நேரத்துக்குள் போட்டு முடிக்க வேண்டும், ஐஸ் வைத்த ஃபிளாஸ்க்கில்தான் கொண்டுவர வேண்டும். பத்துக் கோழிக்காக யாரும் அதை உடைக்க மாட்டார்கள். உங்கள் லைனிலும் அடுத்த இரண்டு லைனிலும் கோழி வைத்திருக்கிறவர்களைச் சேர்த்து எண்ணிக்கையை எழுதிக்கொண்டு கால்நடை மருந்தகத்துக்குப் போனால் கதை வேறு. குஞ்சுக்கு ஏழாம் நாள் கண்ணிலோ மூக்கிலோ ஒரு சொட்டு. எட்டாவது வாரம் இறக்கைக்கடியில் ஊசி. இரண்டையும் மாற்றிவிடக் கூடாது, பெரியதுக்குப் போடுகிற ஊசி மருந்து இளங்குஞ்சுக்குத் தாங்காது. ஊசிக்கு ஒரு வாரம் முன்னால் குடற்புழு நீக்க மருந்து கொடுத்திருந்தால் நல்லது. இப்போது இழுத்துக்கொண்டிருக்கிற கோழிகளுக்கு, மருத்துவர் பார்த்துச் சொல்லாமல் தடுப்பூசி போடாதீர்கள்.

கடைசியாக, ஞாயிற்றுக்கிழமைச் சந்தையில் வாங்கின அந்தப் பெருவிடைச் சேவல். அது வந்த வாரத்துக்குப் பிறகுதான் இழுப்பு தொடங்கியது என்று நீங்களே போகிறபோக்கில் எழுதியிருக்கிறீர்கள். சந்தையிலிருந்து வருகிற எந்தக் கோழியையும் மூன்று வாரம் தனியாக, தனித் தண்ணீர், தனித் தீனியோடு வைத்த பிறகுதான் கூட்டத்தில் விட வேண்டும். பல்லடத்தைச் சுற்றிக் கறிக்கோழிப் பண்ணைகள் நிறைந்த மாவட்டம் நம்முடையது. அங்கே வேலைக்குப் போகிற உறவினர் யாராவது வந்தால், அதே செருப்போடு உங்கள் கூண்டுப் பக்கம் போக வேண்டாம் என்று பக்குவமாகச் சொல்லிவிடுங்கள். நோய் இரண்டு பக்கமும் போகும்.

ஒரே நாளில் மூன்று நான்கு செத்தால் காத்திருக்காதீர்கள். கால்நடை உதவி எண் 1962க்கு அழைத்துச் சொல்லுங்கள், அது பறவைக் காய்ச்சலாகவும் இருக்கலாம். 2021 ஜனவரியில் கேரளத்தின் ஆலப்புழையிலும் கோட்டயத்திலும் பறவைக் காய்ச்சல் உறுதியானபோது நம் எல்லையில் எவ்வளவு கெடுபிடி இருந்தது என்று நினைவிருக்கும். செத்ததை ஓடையில் வீச வேண்டாம், நாய் எட்டாத ஆழத்தில் சுண்ணாம்பு தூவிப் புதையுங்கள். என்ன நோய் என்று தெரிந்துகொள்ள வேண்டுமென்றால், செத்த கொஞ்ச நேரத்துக்குள் உறையில் கட்டி மருத்துவரிடம் கொடுத்தால் அறுத்துப் பார்த்துச் சொல்வார்கள். உடுமலையில் கால்நடை மருத்துவக் கல்லூரியே இருக்கிறது.

இன்று ராத்திரி ஃப்ளெக்ஸை மேலே ஒரு சாண் அவிழ்த்துவிடுங்கள். வீங்கின சிறுவிடையைப் பிரித்து வையுங்கள், அதன் மூக்கிலிருந்து வடிவதை மோந்து பார்த்துவிட்டு எச்சத்தின் நிறத்தையும் சேர்த்து எனக்கு எழுதுங்கள்.

அன்புடன்,
உங்கள் அண்ணன்