தறிச் சத்தத்துக்கு நடுவே பாட்டும் கம்ப்யூட்டரும்

புதிதாகக் கம்ப்யூட்டர் வாங்கும் பலர், ஒரே மேஜையில் மானிட்டர், சி.பி.யூ. கேபினெட், ஸ்பீக்கர், சப்-வூஃபர் என்று எல்லாவற்றையும் நெருக்கி அடுக்கிவிடுகிறார்கள். பார்க்க அழகாகத்தான் இருக்கும். ஆனால் அந்த மேஜையை ஒட்டிய சுவருக்கு அந்தப் புறம் தறிக் குடோன் இருந்தால்? சாமளாபுரம், சோமனூர், பல்லடம் பக்கம் வீடு உள்ளவர்களுக்கு இது கற்பனைக் கேள்வி அல்ல.

என் மாமா வீடு சாமளாபுரத்தில் அப்படிப்பட்ட ஒரு வீடு. தாத்தாவின் எல்.பி. ரெக்கார்டுகளையும் கேசட்டுகளையும் கம்ப்யூட்டரில் ஏற்றிவிட வேண்டும் என்பது மாமாவின் ஆசை. ஏற்றியவற்றை எல்லாம் ஒரு எக்ஸ்டெர்னல் ஹார்ட் டிஸ்க்கில் போட்டு, அதை சப்-வூஃபர் பெட்டியின் மேலேயே வைத்திருந்தார். கேசட் ஒன்றில் தாத்தா தானே பாடிய கும்மிப் பாட்டு இருந்தது. சில மாதங்களில் அந்தக் கேசட் நாடா சிக்கி அறுந்தது. பிறகு ஒரு நாள் ஹார்ட் டிஸ்க்கும் ரீட் எரர் காட்ட ஆரம்பித்தது. நான் போய் டிஸ்க்கைக் கழற்றி, வேறு அறையில் தரையில் வைத்து, ஒவ்வொரு பைலாகக் காப்பி செய்தேன். கும்மிப் பாட்டில் கடைசி இரண்டு நிமிடம் தவிர மற்றது வந்துவிட்டது.

அதிர்வுதான் அந்த டிஸ்க்கைக் கெடுத்தது என்று நான் அடித்துச் சொல்ல மாட்டேன். சும்மா வைத்த டிஸ்க்கும் ஒரு நாள் போகும். ஆனால் வேறு நகல் இல்லாத ஒரு பைலை, ஆடிக்கொண்டே இருக்கும் பெட்டியின் மேல் வைத்தது இரட்டைத் தவறு.

ஹார்ட் டிஸ்க் ஏன் அதிர்வுக்கு அஞ்சுகிறது?

ஹார்ட் டிஸ்க்கினுள் வட்டத் தட்டு சுழல்கிறது. 7200 ஆர்.பி.எம். டிஸ்க் என்றால் விநாடிக்கு 120 சுற்று. அதன் மேல் ரீட்-ரைட் ஹெட், தட்டைத் தொடாமல், சில நானோ மீட்டர் உயரத்தில் மிதக்கிறது. தகவல் எழுதப்படும் டிராக்குகள் தலைமுடியின் தடிமனில் பல நூறு அடங்கும் அளவு நெருக்கமானவை. டிஸ்க் அதிர்ந்தால் ஹெட் தன் டிராக்கிலிருந்து சற்று விலகும். உடனே டிரைவ் என்ன செய்கிறது? தட்டு ஒரு சுற்று சுற்றி வரும் வரை காத்திருந்து மறுபடி படிக்கிறது. ஒரு சுற்றுக்கு 8.3 மில்லி விநாடி. இப்படிப் பலமுறை நடந்தால், உங்கள் கண்ணுக்குக் கம்ப்யூட்டர் 'ஸ்லோ' ஆனதாகத் தெரியும். அதாவது, சாதாரண அதிர்வின் முதல் விளைவு வேகக் குறைவுதான். ஓடும்போது விழும் அடியோ இடியோதான் ஹெட்டைத் தட்டில் மோதவிட்டு நிரந்தரச் சேதம் செய்யும்.

இது வெறும் பயமுறுத்தல் அல்ல. 2008ஆம் ஆண்டின் கடைசியில், சன் மைக்ரோசிஸ்டம்ஸ் நிறுவனத்தில் பணியாற்றிய பிரெண்டன் கிரெக், ஓடிக்கொண்டிருந்த டிஸ்க்குகளுக்கு முன் நின்று உரக்கக் கத்தினார். அந்த நொடியில் டிஸ்க்குகளின் தாமதம் வரைபடத்தில் எகிறியதை வீடியோவில் காட்டினார். 2016 செப்டம்பரில் ருமேனியாவின் புக்கரெஸ்ட் நகரில் ஐ.என்.ஜி. வங்கியின் டேட்டா சென்டரில் தீயணைப்பு வாயுவைத் திறந்து சோதனை செய்தார்கள். வாயு பீறிட்ட ஓசையிலேயே ஹார்ட் டிஸ்க்குகள் பழுதாகி, வங்கிச் சேவை பல மணி நேரம் நின்றது. இன்னொன்று வேடிக்கையானது. ஜேனட் ஜாக்சனின் 1989ஆம் ஆண்டுப் பாட்டான 'ரிதம் நேஷன்' ஒலித்தால் சில பழைய லேப்டாப்கள் முடங்கின என்று மைக்ரோசாஃப்டின் ரேமண்ட் சென் 2022இல் எழுதினார். பாட்டிலிருந்த ஒரு ஒலி, அவற்றிலிருந்த 5400 ஆர்.பி.எம். டிஸ்க்கின் இயல்பு அதிர்வோடு ஒத்துப்போனதுதான் காரணம். பக்கத்தில் சும்மா இருந்த லேப்டாப்பும் சேர்ந்து முடங்கியதாம்!

தறியின் கணக்கு

சாதாரண நாடாத் தறி ஒன்று நிமிடத்துக்குச் சுமார் 120 ஊடை போடுகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். விநாடிக்கு 2 அடி, அதாவது 2 ஹெர்ட்ஸ். இது மிக மெதுவான ஆட்டம். ஆனால் ஒவ்வொரு அடியும் சுத்தியல் அடி மாதிரி. அது தரையையும் சுவரையும் மேஜையையும் அவற்றின் சொந்த அதிர்வெண்ணில் நடுங்க வைக்கிறது. மேஜை மேல் டம்ளரில் தண்ணீர் வைத்தால் வளையம் வளையமாகத் தெரியும். நமக்குத் தொல்லை தருவது பெரும்பாலும் இந்த நடுக்கம்தான்.

இங்கேதான் எல்லோரும் ரப்பர் ஷீட் வாங்கிப் போடுகிறார்கள். ரப்பரோ ஸ்பிரிங்கோ, எதன் மேல் பொருளை வைத்தாலும் அதற்கென ஓர் இயல்பு அதிர்வெண் வந்துவிடும். அதைக் கணக்கிட ஒரு சுலப வழி உண்டு. பொருளை வைத்ததும் ஸ்பிரிங் எத்தனை மில்லி மீட்டர் அமுங்குகிறது என்று பாருங்கள். அந்த எண்ணின் வர்க்க மூலத்தால் 15.8ஐ வகுத்தால் கிடைப்பது ஹெர்ட்ஸ் கணக்கு. 1 மி.மீ. அமுங்கினால் சுமார் 16 ஹெர்ட்ஸ், 4 மி.மீ. என்றால் 8, 9 மி.மீ. என்றால் 5 சொச்சம். இந்த எண்ணைப் போல் 1.4 மடங்குக்கு மேற்பட்ட அதிர்வை மட்டுமே அந்த ஸ்பிரிங் குறைக்கும். அதற்குக் கீழே குறைக்காது. இயல்பு அதிர்வெண்ணுக்கு அருகில் உள்ளதைக் கூட்டியே விடும்!

எனவே அரை மி.மீ.கூட அமுங்காத கட்டி ரப்பரைப் போட்டுவிட்டு, தறி அதிர்வு நின்றுவிட்டது என்று நம்ப வேண்டாம். 2 ஹெர்ட்ஸையே தடுக்க வேண்டுமானால் ஸ்பிரிங் 12 சென்டி மீட்டருக்கு மேல் அமுங்க வேண்டும். வீட்டில் நடக்காத காரியம். ஆடியோ கடைகளில் விற்கும் கூர்முனை உலோகக் கூம்புகளும் அப்படித்தான். அவை பொருளை அசையாமல் ஊன்றி நிறுத்தும், ஆனால் கீழிருந்து வரும் அதிர்வைத் தடுக்காது. ஆயிரக்கணக்கில் கொட்டிக் கொடுக்க அவசியமில்லை.

எதற்குத் தேவை, எதற்கு வேண்டாம்?

எஸ்.எஸ்.டி.யில் சுழலும் பகுதி எதுவும் இல்லை. தறி மேலேயே வைத்தாலும் அதிர்வால் ஒன்றும் ஆகாது (வைக்காதீர்கள், பஞ்சுத் தூசி வேறு விஷயம்). ஆம்ப்ளிஃபையர், சவுண்ட் கார்டு, யு.எஸ்.பி. டாக் இவற்றுக்கும் தனி மேடை தேவையில்லை. வால்வு ஆம்ப்ளிஃபையர் வைத்திருப்பவர்கள் மட்டும் வால்வை மெல்லத் தட்டிப் பார்க்கலாம். ஸ்பீக்கரில் 'டிங்' என்று கேட்டால் அது அதிர்வை வாங்குகிறது என்று அர்த்தம்.

உண்மையான நோயாளி ரெக்கார்டு பிளேயர்தான். அதன் ஊசி, பள்ளத்திலுள்ள மிக நுண்ணிய அசைவைப் படிப்பதற்கென்றே செய்யப்பட்டது. பாட்டு எது, தறி எது என்று அதற்குத் தெரியாது. போதாததற்கு, ஆர்மும் கார்ட்ரிட்ஜும் சேர்ந்து பொதுவாக 8 முதல் 12 ஹெர்ட்ஸில் தாமே ஊசலாடும் தன்மை உடையவை. ஆகவே பிளேயருக்கு அடியில் போடும் மெத்தை 5 ஹெர்ட்ஸுக்குக் கீழே இருந்தால்தான் பயன். 4 மி.மீ. அமுங்கும் ரப்பர் கணக்குப்படி நேராக 8 ஹெர்ட்ஸில் போய் உட்காரும். அது இருப்பதைவிட இல்லாமலிருப்பது மேல்.

மாமா வீட்டில் நாங்கள் செய்தது இது. 18க்கு 16 அங்குலத்தில், ஒன்றரை அங்குலத் தடிமனில் ஒரு கடப்பைக் கல். எடை சுமார் 19 கிலோ. அதன் அடியில் குழந்தைகள் சைக்கிளின் பழைய டியூப். கல் மேஜையைத் தொடாமல் எழும்பும் அளவுக்கு மட்டும் காற்று அடிக்க வேண்டும். டியூபை விறைப்பாக்கினால் அதுவும் கட்டி ரப்பர் ஆகிவிடும். கல் மேல் பிளேயரை வைத்து ரசமட்டம் பார்க்க வேண்டும். காற்று மெல்ல இறங்கும். அவ்வப்போது பம்ப் எடுக்கச் சோம்பல் படாதீர்கள். டியூபுக்குப் பதில் பனியன் வேஸ்ட் மூட்டையையும் முயன்றோம். இரண்டே நாளில் அமுங்கிக் கட்டியாகிவிட்டது.

ரெக்கார்டு பிளேயரைச் சுவர் ஷெல்பில் வைக்கச் சொல்வார்கள். மாடி வீட்டில், காலடி அதிர்வுக்கு அது நல்ல யோசனை. தறிக் குடோனோடு பொதுச் சுவர் உள்ள வீட்டில் அந்தச் சுவரே தறியோடு ஆடும். தூரத்துச் சுவர் ஓரம், தரைத்தளத்தில் கனமான மேஜை, அதுவே சரி. ஸ்பீக்கர்களும் சப்-வூஃபரும் வேறு மேஜைக்கு அல்லது தரைக்குப் போக வேண்டும். பதிவு செய்யும்போது ஸ்பீக்கரை அணைத்து ஹெட்போனில் கேட்பது செலவே இல்லாத வைத்தியம்.

அளந்து பாருங்கள்

செல்போனில் ஃபைஃபாக்ஸ் என்ற இலவச ஆப் உண்டு. ஜெர்மனியின் ஆகன் பல்கலைக்கழகம் வெளியிட்டது. போனை மேஜையில் வைத்து, ஆக்சிலரேஷன் ஸ்பெக்ட்ரம் பகுதியைத் திறந்து, தறி ஓடும்போதும் நிற்கும்போதும் பாருங்கள். எந்த ஹெர்ட்ஸில் மேடு எழுகிறது என்று தெரியும். கல்லின் மேலும் அதேபோல் அளந்தால், நீங்கள் செய்த வேலை பலித்ததா என்பதும் தெரியும்.

இன்னொரு சோதனை ஆடாசிட்டியில். பிளேயரின் மோட்டாரை நிறுத்தி, அசையாத ரெக்கார்டின் மேல் ஊசியை இறக்கி, வால்யூமைக் குறைத்து ஒரு நிமிடம் பதிவு செய்யுங்கள். அதில் வருவது பாட்டல்ல, பெரும்பாலும் மேஜைதான். அதைத் தேர்வு செய்து, அனலைஸ் மெனுவில் பிளாட் ஸ்பெக்ட்ரம் கிளிக் செய்யுங்கள். சைஸ் என்ற இடத்தில் 65536 கொடுத்தால்தான் தாழ்ந்த ஒலிகள் பிரிந்து தெரியும். இதன் பிறகும் மிஞ்சும் உறுமலுக்கு, எஃபெக்ட் மெனுவில் ஹை-பாஸ் ஃபில்டர் எடுத்து 25 ஹெர்ட்ஸ், ரோல்-ஆஃப் 24 டி.பி. கொடுங்கள். அசல் பதிவை அழிக்காமல் வேறு பெயரில் சேமியுங்கள்.

மாதாந்திரப் பராமரிப்புக்குக் கரண்ட் நிறுத்தும் நாளில் தறியும் நிற்கும். வீட்டில் இன்வெர்ட்டர் இருந்தால் சாமளாபுரத்தில் ரெக்கார்டு பதிவு செய்ய அதைவிட நல்ல நாள் கிடையாது. மாமா இப்போது அந்த அறிவிப்புக்காகப் பேப்பரைப் பார்க்கிறார்.

கடைசியாக டிஸ்க். கிறிஸ்டல்டிஸ்க்இன்ஃபோ என்ற இலவச புரோகிராமில் ரீஅலொகேட்டட் செக்டார்ஸ் கவுண்ட், கரண்ட் பெண்டிங் செக்டார் கவுண்ட் என்ற இரண்டு வரிகளைப் பாருங்கள். வலது ஓரத்து 'ரா' எண் பூஜ்யமாக இருந்தால் நல்லது. மாதா மாதம் ஏறிக்கொண்டே போனால், அன்றைக்கே வேறு டிஸ்க்கில் காப்பி எடுத்து, அதைத் தறியை ஒட்டாத அறையின் பீரோவில் வையுங்கள்.