திசுச் சீவலும் புற்றுநோய் ஆய்வும்

மக்கள் உடல் எண்ணிறந்த உயிரணுக்களால் ஆயது. அவை உடலுக்கு வேண்டிய அளவே பெருகும், முதிர்ந்தவை மடியும், புதியவை அவற்றின் இடத்தை நிரப்பும். இவ்வொழுங்கினை மீறிச் சில உயிரணுக்கள் கட்டுக்கடங்காது பெருகுதலே புற்றுநோயாம். அவை பெரும்பாலும் கட்டியாகத் திரளும். உடலின் வேறிடங்களுக்கும் பரவும்.

இந்நோய்க்கு மருந்துகள் பல உள. எனினும், ஒரே உறுப்பில் ஒரே வகைப் புற்றுநோய் கொண்ட இருவருள், ஒருவருக்குப் பயன் தரும் மருந்து மற்றவருக்குப் பயன் தராது போதலும் உண்டு. நோயை ஒழிக்காத மருந்தும் உடலை வருத்தாமல் விடுவதில்லை. குருதியணுக்களைக் குறைக்கும், மயிரை உதிர்க்கும், குமட்டலும் சோர்வும் தரும். நோயாளி அத்துன்பத்தை வீணே தாங்கும் நாள்களில் நோயும் முற்றிவிடும். ஆதலின், மருந்தை உடலுள் செலுத்துமுன், அந்நோயாளியின் கட்டியிலேயே அதனைச் சோதித்தறிதல் கூடுமோ என அறிஞர் ஆராயலாயினர்.

உடலினின்று பிரித்த திசு வெளியே உயிர் வாழுமா? 1907-ஆம் ஆண்டில் அமெரிக்க அறிஞர் ராஸ் ஹாரிசன், தவளைக் கருவின் நரம்புத் திசுவை நிணநீரில் வைத்து, அதினின்று நரம்பிழைகள் வளர்வதைக் கண்டார். 1920-களில் ஜெர்மானிய அறிஞர் ஓட்டோ வார்பர்க், புற்றுக்கட்டியின் மெல்லிய சீவல்களைச் சர்க்கரை கலந்த உப்புநீரில் இட்டு, அவை சர்க்கரையைப் பயன்கொள்ளும் முறையை அளந்தார். 1951-இல் பால்டிமோர் நகரில் ஹென்ரீட்டா லாக்ஸ் என்னும் மங்கையின் கட்டியினின்று எடுத்த உயிரணுக்கள் ஆய்வுக்கூடத்தில் ஓயாது பெருகின. அம்மங்கை அவ்வாண்டிலேயே மறைந்தார். அவ்வுயிரணுக்களோ இன்றும் உலகெங்கும் வளர்க்கப்படுகின்றன.

எனினும், தனித்து வளரும் உயிரணுவின் இயல்பு வேறு; கட்டியினுள் வாழும் உயிரணுவின் இயல்பு வேறு. கட்டியினுள் புற்றணுக்களோடு இணைப்புத் திசுவும், குருதிக் குழாய்களும், நோயை எதிர்க்கும் அணுக்களும் கலந்துள்ளன. இவ்வயலாரின் துணையால் புற்றணு மருந்துக்குத் தப்புதலும் உண்டு. சீவலில் இவ்வமைப்புப் பெரிதும் குலையாதிருக்கும். இதுவே அதன் சிறப்பு.

அறுவை மருத்துவர் நீக்கிய கட்டியின் ஒரு துண்டு, குளிர்ந்த நீர்மத்தில் விரைவாக ஆய்வுக்கூடம் சேரும். ஆங்கு அதிர்ந்தியங்கும் கூரிய அலகு, பாக்குச் சீவுவார் போல, அதனைச் சீவும். ஒவ்வொரு சீவலின் தடிப்பும் ஏறத்தாழக் கால் மில்லிமீட்டர். இதனினும் மிகத் தடித்தால் பிராணவாயு நடுப்பகுதியை எட்டாது; ஆங்குள்ள அணுக்கள் மடியும். சீவல்களை நுண்துளைகளுடைய சவ்வின்மேல் பரப்புவர். கீழிருந்து ஊட்டநீரும் மேலிருந்து காற்றும் அவற்றிற்குக் கிட்டும். வெப்பநிலை நம் உடலிற்போல 37 பாகை செல்சியஸாக இருக்கும்.

பின்னர்ச் சில சீவல்களுக்கு மருந்தைப் பல அளவுகளில் இடுவர். சிலவற்றை மருந்தின்றி விடுவர். சில நாள் கழித்து, மடிந்த அணுக்களையும் பெருகும் அணுக்களையும் சாயங்களால் வேறுபடுத்தி, நுண்ணோக்கியில் எண்ணி ஒப்பிடுவர். மருந்தின்றி விட்ட சீவலும் மடிந்திருப்பின், குற்றம் வளர்ப்பு முறையினது, அச்சோதனை செல்லாது.

இம்முறைக்கு எல்லைகளும் உள. சீவலுள் குருதி ஓடுவதில்லை. சைக்ளோபாஸ்பமைடு என்னும் மருந்து, கல்லீரலில் மாற்றம் எய்திய பின்னரே புற்றணுவைக் கொல்லும். கல்லீரல் இல்லாத சீவலில் அதன் ஆற்றல் தோன்றாது. ஒரு மூலையில் எடுத்த துண்டு கட்டி முழுவதற்கும் சான்றாகாமலும் போகலாம். எனவே சீவல் தரும் விடை மருத்துவருக்கு ஒரு குறிப்பேயன்றி முடிந்த தீர்ப்பன்று. இம்முறை இன்றும் பெரும்பாலும் ஆராய்ச்சி நிலையிலேயே உள்ளது.

மற்றொன்றும் நினைவிற் கொள்ளத்தக்கது. ஹென்ரீட்டா லாக்ஸின் உயிரணுக்கள் அவர் அறியாமலே ஆய்வுக்கு எடுக்கப்பட்டன. இன்று நோயாளிக்கு விளக்கிக் கூறி, அவர் இசைவு பெற்ற பின்னரே ஆய்வுக்குத் திசுவைப் பெறுதல் முறையாகும். தட்டில் வாழும் சிறு சீவல் ஒருவர் உடலின் பகுதி. அவர் நம்பிக்கையோடு அளித்த கொடை. அதனைப் போற்றிக் காத்தல் ஆய்வாளர் கடனாகும்.