பன்றியும் உழும்

ஆவடி

அன்புள்ள கயல்,

தமிழின் 'ஏர்'தான் லத்தீனில் 'அராரே' ஆயிற்று என்று யாரோ பரப்பிய செய்தியை எனக்கு அனுப்பி, "இது நிஜமா பெரியப்பா?" என்று கேட்டிருந்தாய். இல்லை, கண்ணு. ஒலி நெருங்குகிறது, பொருளும் நெருங்குகிறது. ஆனால் உறவு சொல்ல அது போதாது. அராரேவுக்கு இத்தாலியத்தில் அராரே, ஸ்பானியத்தில் அரார், ருமேனியத்தில் அரா என்று நேர் வாரிசுகள் உண்டு. கிரேக்கத்திலும் லிதுவேனியத்திலும் பங்காளிகள் உண்டு. அது தனிக் குடும்பம். பிரெஞ்சு மட்டும் வேறு பக்கம் போனது. பாடுபடு என்று பொருள்படும் லத்தீன் 'லபோராரே'யை எடுத்து, உழவுக்கே உரிய சொல்லாக்கிக்கொண்டது.

இப்படி ஒரு வினைச்சொல் ஊர் ஊராகப் போய் உருமாறிய கதை நம்மிடமும் இருக்கிறது. ஏரை விட்டுவிட்டு 'உழு'வைப் பிடி.

கோழியைக் கன்னடத்தில் கோளி என்பார்கள், தெலுங்கில் கோடி. ஏழு கன்னடத்தில் ஏளு, தெலுங்கில் ஏடு. நம் ழகரம் கன்னடத்தில் ளகரமாகவும் தெலுங்கில் டகரமாகவும் வருவது ஒழுங்கான பழக்கம், ஒன்றிரண்டு சொல்லில் நேர்ந்த தற்செயல் இல்லை. அந்த ஒழுங்குப்படியே உழு கன்னடத்தில் 'உளு' ஆகிறது. 1970களில் முதல்வர் தேவராஜ் அர்ஸ் கர்நாடகத்தில் நிலச் சீர்திருத்தம் கொண்டுவந்தபோது பரவிய முழக்கம் 'உளுவவனே ஹொலதொடெய'. உழுகிறவனே வயலுக்கு உடையவன். தமிழ் தெரிந்த யாருக்கும் இதற்கு மொழிபெயர்ப்பு வேண்டாம். மலையாளத்தில் ழகரம் கெடாமல் 'உழுக' என்றே நிற்கிறது.

தெலுங்கில்தான் ஆளே தெரியாமல் மாறிவிட்டது. அங்கே உழுவதற்கு 'துன்னு'. தானம் என்பதில் வருகிற 'த'வைப் போட்டுச் சொல்லிப் பார். இதற்கும் உழுவுக்கும் என்ன சம்பந்தம் என்று கேட்பாய். சொல்லின் தலையில் இருக்கிற உயிரைப் பின்னால் தள்ளுவது தெலுங்கின் வழக்கம். நம் அவர் அங்கே வாரு, உள் அங்கே லோ. உழுவிலும் உகரம் பின்னுக்குப் போனது, ழகரம் டகரமாகி முன்னுக்கு வந்தது, பிறகு மெலிந்து 'த' ஆனது. தெலுங்கு வினைகளின் வேர்களை ஆராய்ந்து 1961-இல் நூல் எழுதிய பத்ரிராஜு கிருஷ்ணமூர்த்தி, மறு ஆண்டே மாவட்டம் மாவட்டமாகத் திரட்டிய வேளாண்மைச் சொற்களைத் தனி அகராதியாகத் தந்தார். அது போல் ஒன்று நம் திருவள்ளூர் மாவட்டத்துக்கு வேண்டும் என்று எனக்குத் தீராத ஆசை.

அதே 1961-இல் பரோவும் எமனோவும் திராவிட மொழிகளின் வேர்ச்சொல் அகராதியை வெளியிட்டார்கள். அதில் 'உழு' பதிவைப் படித்தபோதுதான் நிமிர்ந்து உட்கார்ந்தேன். ஜார்க்கண்டில் பேசும் குடுக் மொழியில் 'உய்னா' என்றால் உழுவது. அங்கேயே ராஜ்மகால் மலையில் பேசும் மால்தோவில் இதே வேரிலிருந்து வந்த சொல், பன்றி மண்ணைக் கிளறுவதைக் குறிக்கிறது!

இது மலைவாசிகளின் வினோதம் என்று தள்ளிவிடாதே. புறநானூற்றின் 168-ஆம் பாட்டை எடுத்துப் பார். காந்தள் கிழங்குக்காகக் காட்டுப்பன்றிக் கூட்டம் மண்ணைப் புரட்டுகிறது. புலவர் அந்த வேலையை 'உழுத' என்றே சொல்கிறார். மழை பார்த்துக் குறவர்கள் அந்தப் புழுதியில் தினை விதைக்கிறார்கள். அவர்கள் விதைத்ததை உழாமல் விதைத்தது என்கிறார். பன்றி உழுதது, மனிதன் உழவில்லை. கலப்பையும் மாடும் வருவதற்கு முன்பே, மண்ணைக் கீறிப் புரட்டுவதற்கு இந்த வினை இருந்திருக்க வேண்டும் என்று நான் நினைக்கிறேன். கலப்பை பிற்பாடு வந்து சொல்லைத் தன்னோடு ஒட்டவைத்துக்கொண்டது.

திருமுல்லைவாயல் கோயிலுக்குப் போனால் நால்வர் சந்நிதியில் அப்பர் தோளில் சாய்த்திருக்கும் உழவாரத்தைக் கவனி. நீளமான கோல், நுனியில் தட்டையான இரும்பு. அதை வைத்து வயல் உழ முடியாது. பிராகாரக் கல்லிடுக்கில் முளைத்த புல்லைச் சுரண்டலாம். அந்தப் பெயரிலும் இந்த வேர்தான் எனக்குத் தெரிகிறது. உழைப்பையும் இதோடு சேர்க்கத் தோன்றும். அகராதியோ அதை 'உழ' என்ற தனி வேரின் கீழ் வைத்திருக்கிறது, நீயும் அவசரப்படாதே.

அம்பத்தூர், ஆவடி, பூந்தமல்லி மூன்றும் ஒரு காலத்தில் ஏரிப் பாசன ஊர்கள். அங்கே இப்போது தொழிற்பேட்டையும் டாங்கித் தொழிற்சாலையும் அடுக்குமாடிகளும். சேற்றுழவு, புழுதி உழவு, பரம்பு, கொழு, மேழி எல்லாம் அறுபது எழுபது வயதுக்காரர்கள் வாயில்தான் மிச்சம் இருக்கின்றன. ஆனால் உன் தெருவிலேயே தெலுங்கு பேசும் வீடுகள் உண்டு, படைத் தொழிற்சாலை குவார்ட்டர்ஸில் மலையாளிகள் உண்டு, பேட்டையில் ஜார்க்கண்ட்காரர்கள் வேலை செய்கிறார்கள். கேட்டு எழுது. "உழுவுக்கு உங்க பாஷையில என்ன?" என்று கேட்டால், ஜார்க்கண்ட்காரர்கள் பள்ளியில் படித்த இந்திச் சொல்லைச் சொல்லிவிடுவார்கள். "விதைக்கிறதுக்கு முன்னாடி உங்க ஊர்ல நிலத்த என்ன பண்ணுவீங்க?" என்று ஆரம்பி. காதில் விழுந்தபடியே எழுது, திருத்தாதே. சொன்னவருடைய ஊரையும் வயதையும் பக்கத்தில் குறி. நோட்டு நிறைந்ததும் எடுத்துக்கொண்டு வா, சேர்ந்து பார்ப்போம்.

அன்புடன்
பெரியப்பா